வத்தல்மலைக்கு எந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகலாம்? கேமரா பிரியர்களின் ஓயாத வாதமும், மலை சொல்லும் பதிலும்!

'பாடி முக்கியமா... லென்ஸ் முக்கியமா?' கேமரா வைத்திருக்கும் நாலு பேர் ஒரு டீக்கடையில் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஒருவர் புது மிரர்லெஸ் பாடிக்காக இ.எம்.ஐ போட்டிருப்பார். இன்னொருவர் பத்து வருஷப் பழைய டி.எஸ்.எல்.ஆரை மாற்றவே மாட்டேன் என்பார். மூன்றாமவர், 'மொபைலே போதும்ப்பா' என்று இருவரையும் வெறுப்பேற்றுவார். டீ ஆறிப்போகும், வாதம் ஆறாது.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க தருமபுரி மாவட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதுதான் வத்தல்மலை!

தருமபுரி நகரத்திலிருந்து சுமார் 25 கி.மீ தூரம். அடிவாரத்தைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மேலே பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என மலையாளி பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள். காபி, மிளகு, பலா, சாமை, ராகி என மலைக்கே உரிய விவசாயம். கீழே தருமபுரி வெயிலில் காயும்போது மேலே காற்றில் குளிர் இருக்கும். 2021 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இங்கு வந்து பழங்குடி மக்களைச் சந்தித்த பிறகு, வெளியூர்க்காரர்களிடமும் இந்த மலையின் பெயர் பரவலானது. இப்போது விடுமுறை நாள்களில் பைக்கில் ஏறுகிறவர்களில் பலரது முதுகில் கேமரா பையும் தொங்குகிறது.

அந்தப் பைக்குள் என்ன இருக்க வேண்டும்? என்னவெல்லாம் தேவையே இல்லை? முதல் சம்பளத்தில் கேமரா வாங்க நினைக்கும் பிள்ளைகளும், 'இவ்வளவு காசு இதுக்கா?' என்று கேட்கும் பெற்றோரும் சேர்ந்தே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பாடியா... லென்ஸா?

கேமராவின் பாடிக்குள் இருக்கும் சென்சார்தான் வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36x24 மி.மீ. ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி சென்சார் சுமார் 24x16 மி.மீ. பெரிய சென்சார் குறைந்த வெளிச்சத்தில் சுத்தமான படம் தரும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும்.

சிறிய சென்சாரிலும் ஒரு லாபம் உண்டு. அதில் 200 மி.மீ லென்ஸை மாட்டினால், ஃபுல் ஃபிரேமில் 300 மி.மீ லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சி நெருங்கி வரும். தூரத்து மரக்கிளையில் இருக்கும் சின்னான் குருவியைப் படமெடுக்க ஆசைப்படுபவருக்கு இது கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் வசதி.

வெளிச்சக் கணக்கைப் பார்த்தால் லென்ஸின் அருமை புரியும். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ கிட் லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால், பெரும்பாலான மாடல்களில் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். தனியாக வாங்கும் 50 மி.மீ பிரைம் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசம் ஏறத்தாழ 10 மடங்கு! விடியற்காலையில், மரநிழலில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் கை நடுங்காமல் படமெடுக்க இந்த 10 மடங்கு பெரிய உதவி. பல கம்பெனிகளின் லென்ஸ் வரிசையில் விலை குறைந்தவற்றில் ஒன்றாக இந்த 50 மி.மீ லென்ஸ் இருப்பது இன்னொரு நல்ல செய்தி.

பாடி நாலைந்து வருஷத்தில் பழைய மாடலாகிவிடும். நல்ல லென்ஸ் பாடி மாறினாலும் கூடவே வரும். அதனால், கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை லென்ஸுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

மாட்டுமா... மாட்டாதா?

'கூடவே வரும்' என்பதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது. லென்ஸும் பாடியும் இணையும் வாய்ப்பகுதியை மவுன்ட் என்பார்கள். நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லும், கேனானின் இ.எஃப் மவுன்ட் 1987-லும் வந்தவை. 2018-ல் இரண்டு கம்பெனிகளும் மிரர்லெஸ் கேமராக்களுக்காக இசட், ஆர்.எஃப் என்று புது மவுன்ட்டுகளைக் கொண்டுவந்தன. பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்ட அடாப்டர் வேண்டும்.

பழைய லென்ஸை மலிவாக வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிக்கானின் பழைய லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்காது. அவற்றை 3000, 5000 வரிசை டி.எஸ்.எல்.ஆரில் மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. நிக்கானின் சொந்த அடாப்டர் வழியாக மிரர்லெஸ்ஸில் மாட்டினாலும் அதே கதைதான். கையால் வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன்பு நம்முடைய பாடியிலேயே மாட்டிப் பார்த்துவிடுவது பணத்துக்குக் காவல்.

பனி வந்தா வைடு லென்ஸ் வேலைக்காகாது!

மலை என்றதும் எல்லோரும் வைடு ஆங்கிள் லென்ஸைத்தான் எடுக்கிறார்கள். மொத்த மலையையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசைதான் காரணம். வானம் தெளிவாக இருந்தால் அது சரி. பனிமூட்டம் இறங்கிவிட்டால் வைடு லென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் வெள்ளைதான்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது 70-200 அல்லது 55-250 போன்ற டெலி ஜூம். பனிக்கு நடுவே தெரியும் ஒரு மலைமுகட்டை மட்டும், அதன் பின்னால் மங்கலாகத் தெரியும் இன்னொரு முகட்டோடு சேர்த்துப் பிடித்தால், அடுக்கடுக்காக மலை எழும். ஒற்றைச் சில்வர் ஓக் மரமும் அதில் படர்ந்த மிளகுக்கொடியும்கூட பனிப் பின்னணியில் தனி அழகுதான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். அதனால் வெள்ளைப் பனி, படத்தில் அழுக்கு நிறமாகத் தெரியும். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டினால் பனி வெள்ளையாகவே இருக்கும். அடுத்து, பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். மரத்தின் விளிம்பு போல அழுத்தமான கோடு உள்ள இடத்தில் ஃபோகஸ் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

பனி இல்லாத நாளிலும் ஒரு தொல்லை உண்டு. வெயில் ஏற ஏற சமவெளியில் இருந்து புழுதியும் வெப்பமும் எழுந்து, தூரத்துக் காட்சி மங்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில்தான் கீழே இருக்கும் ஊர்கள் துல்லியமாகத் தெரியும். எந்த விலை லென்ஸாலும் இந்தப் புழுதியைத் துடைக்க முடியாது.

காபித் தோட்டத்துக்குள்ளே...

கோடை மழை விழுந்த சில நாள்களில் காபிச் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதை நெருக்கமாக எடுக்க மேக்ரோ லென்ஸ் சிறந்தது. ஆனால், ஆரம்பத்திலேயே அதற்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்று வளையத்தை பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால், இருக்கும் 50 மி.மீ லென்ஸே ஓரளவு மேக்ரோ ஆகிவிடும். அதற்குள் கண்ணாடியே கிடையாது என்பதால் விலையும் குறைவு.

காபி இலை பளபளவென்று இருக்கும். மழைக்குப் பிறகு இன்னும் மின்னும். அந்த மினுமினுப்பு இலையின் பச்சையைத் தின்றுவிடும். போலரைசிங் ஃபில்டரை லென்ஸ் முன்னால் மாட்டி மெதுவாகத் திருப்பினால், மினுக்கம் குறைந்து பச்சை தெரியும். கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்ய முடியாத வேலை இது. எனவே, ஒரே ஒரு ஃபில்டர் வாங்கப் பணம் இருந்தால் போலரைசரை வாங்கலாம்.

160 வருஷத்துக்கு முன்பே வந்த கேமரா!

இந்தப் பகுதிக்குக் கேமரா புதிதல்ல. மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1857 இறுதியில் பெங்களூரில் இருந்து கிளம்பி தமிழகத்தின் கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு இடங்களையும் அவர் எடுத்த படங்கள், 1858-ல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. அந்தச் சேலம் மாவட்டத்திலிருந்துதான் 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கும் மேல் அகலம். பெரிய கேமரா, ரசாயனங்கள் எல்லாவற்றையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

இன்னொருவர் நம் ஊர்க்காரர். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன். முதுமலைக் காட்டில் யானைகளை கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா அவருக்குப் போதவில்லை. வேறு வேறு கேமராக்களின் பாகங்களையும் லென்ஸையும் தானே பொருத்தி ஒரு பெரிய கேமராவை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'! யானை எவ்வளவு தூரத்தில் நிற்கும், காட்டுக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கேற்ற கருவியை அவரே செய்துகொண்டார். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று குழம்புபவர்கள், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முகங்களைப் படமெடுக்கும் முன்...

வத்தல்மலைக்கு வருபவர்கள் மலையோடு மனிதர்களையும் படமெடுக்கிறார்கள். காபிப் பழம் பறிக்கும் பெண்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், பள்ளி விட்டு வரும் குழந்தைகள். டெலி லென்ஸ் இருந்தால் 50 அடி தள்ளி நின்று அவர்களுக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். சர்ச்சையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தன் வீட்டு வாசலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் முகம், அவருக்கே தெரியாமல் ஆயிரம் பேரின் மொபைலில் ஓடுகிறது. நம் வீட்டுப் பெண்களை, நம் குழந்தைகளை யாரோ ஒருவர் அப்படி எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

'அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?' என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடலாம். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். சரி என்றால் 35 அல்லது 50 மி.மீ லென்ஸோடு அருகில் போய்ப் பேசிக்கொண்டே எடுக்கலாம். அந்த முகத்தில் இருக்கும் இயல்பு ஒளிந்து எடுத்த படத்தில் வராது. அடுத்த முறை மலையேறும்போது பிரின்ட் போட்டுக் கொடுத்தால் அதைவிட நல்ல நன்றி வேறில்லை.

சாலையிலும் கவனம் வேண்டும். காட்சி அழகாக இருக்கிறது என்று கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி ட்ரைபாடு விரிப்பது உயிருக்கே ஆபத்து. மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு வளைவுக்கு அப்பால் நிற்பவர் தெரியமாட்டார்.

பையில் இருக்க வேண்டியவை

* ட்ரைபாடு: காற்று அடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் கேமரா பையைத் தொங்கவிட்டால் ஆடாது.
* மழை உறை: ஒரு பிளாஸ்டிக் ஷவர் கேப் போதும். திடீர்த் தூறலில் கேமராவுக்குத் தொப்பியாகிவிடும்.
* மைக்ரோ ஃபைபர் துணி, ஊதுபந்து: வேட்டி நுனியும் சட்டை நுனியும் லென்ஸுக்கு எதிரி. முதலில் தூசியை ஊதிவிட்டு, பிறகுதான் துடைக்க வேண்டும்.
* கூடுதல் பேட்டரி: மிரர்லெஸ் கேமராக்கள் டி.எஸ்.எல்.ஆரைவிட வேகமாக பேட்டரியைக் காலி செய்யும்.

ஏசி காரில் ஜில்லென்று இருந்த கேமராவை ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே 20 நிமிஷம் வெளியே வைத்திருந்து பிறகு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு...

மலையில் நனைந்த கேமராவை அப்படியே பையில் போட்டு பீரோவில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஈரமும் இருட்டும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். சிலந்தி வலை போல் படரும் அது, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். வாங்கிய விலையில் பாதி போச்சு!

காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவிகிதத்துக்குள் முள் நின்றால் போதும். அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைக்கும் பழக்கம் வேண்டாம். அரிசி மாவு லென்ஸ் இடுக்குகளுக்குள் போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் இந்தப் பூஞ்சையைத்தான் முதலில் தேட வேண்டும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். பாடி என்றால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது. பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்க நினைக்கும் லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுத்து வத்தல்மலைக்கு ஒரு நடை போய்வரலாம். அதன் எடையோடு மலையில் நடந்து, பனியில் ஃபோகஸ் செய்து, வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிய திரையில் பார்த்தபிறகும் அந்த லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். இ.எம்.ஐ கட்டத் தொடங்குவதற்கு முன்பு எடுக்க வேண்டிய முடிவு அது!