சோள பீருக்குத் தொட்டுக்க என்ன?

சோளத்தில் (மக்காச்சோளம் இல்லை, நம்ம வெள்ளைச்சோளம்) குளூட்டன் கிடையாது. சீலியாக் நோய் இருக்கிறவங்களுக்குக் கோதுமை, பார்லி ஆகாது. அவங்களுக்குச் சோள பீர் ஒரு வழி. காய்ச்சுறதுதான் சிக்கல். பார்லி மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். சோளத்துக்கு 70 டிகிரியாவது வேணும். அந்தச் சூட்டில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெரும்பாலும் செயலிழந்துவிடும். அதனால் சில ஆலைகள் நொதியைத் தனியாகச் சேர்க்கின்றன. சில, முளைகட்டிய பார்லியைக் கலக்கின்றன. பார்லி கலந்தால் குளூட்டனும் வந்துவிடும். லேபிளைப் பாருங்க.

குடிக்க லேசாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். காரத்துக்கு நல்ல ஜோடி. புதுக்கோட்டை மாவட்டக் கரையில், கோட்டைப்பட்டினத்தில் இறங்கும் மீனை மிளகு தூக்கலாப் போட்டு, அரிசி மாவு தடவி வறுத்தால் போதும். ஆனா பீர்ல தவிர்த்த குளூட்டன் தட்டு வழியா வந்துரும்: பரோட்டாவில் மட்டுமில்லை, சில்லி சிக்கனில் ஊத்துற சோயா சாஸிலும், கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை இருக்கு.