வன்னி வளவு – 12: ஒரு பிடி பயறு

காலபோக நெல் வீடு வந்துவிட்டது. வருடப்பிறப்புக்கு இன்னும் சில நாட்கள்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வளவுகளில் இப்போது என்ன நடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆடிக்கூழுக்குப் பயறு எங்கே வாங்கப் போகிறீர்கள்?

பயறு விதைத்து 60, 65 நாளில் முற்றும். சித்திரை முதற்கிழமையில் விதைத்தால் ஆனி பிறக்கும்போது காய் கறுக்கத் தொடங்கும். இரண்டு மூன்று தரம் பறித்து முடித்தாலும், ஆடி முதலாம் திகதிக்கு முன் வெயிலில் காயவைக்க நாள் மிஞ்சும். முளைக்கிற நேரத்தில் சித்திரைப் பின்னேரத்து இடிமழை கைகொடுக்கும். பூத்துக் காய்க்கும்போது சோளகம் வீசத் தொடங்கியிருந்தாலும் பயறு அதைத் தாங்கும். தக்காளியும் கறிமிளகாயும் தாங்காது. வைகாசியில் தக்காளிக் கன்று வாங்கிவந்து கிணற்றை இறைத்து வற்றவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

2022இல் நாடு முழுவதும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. நல்ல எண்ணம். ஆனால் அது வந்தது யூன் மாதத்தில். கொழும்புக்கு அது தென்மேல் பருவமழைக் காலம். நமக்கோ அதே காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் வந்து வாழையை முறிக்கிற காலம். வன்னியின் மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவது. தோட்டத்துக்கு நாள் குறிக்கிற வேலையைக் கொழும்பிடம் விட்டால் இப்படித்தான்.

சரி, விதைப்புக்கு வருவோம். பத்துச் சதுர மீட்டர் அளவில் ஒரு பாத்தி போதும். மண்ணைக் கொத்தி, காய்ந்த மாட்டெரு பரப்பி, ஓரடி இடைவெளியில் வரிசை இழுங்கள். வரிசைக்குள் நான்கு விரற்கடைக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. எல்லாம் சேர்த்து ஒரு பிடிக்கு மேல் வராது. கவனமாகப் பார்த்தால் ஒரு கிலோவை ஒட்டி எடுக்கலாம். எம்.ஐ. 6 போன்ற இனங்களின் விதை கிடைக்குமா என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

முளைத்த பிறகு வரிசைகளுக்கிடையே வைக்கோலைப் பரப்பிவிட்டால் கிழமைக்கு ஒரு தண்ணீர் போதும். பூக்கும்போது மட்டும் தண்ணீர் தவறக்கூடாது. காய் கறுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக விழுந்த செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கி எரியுங்கள். அது வெள்ளை ஈ பரப்புகிற வைரசு நோய். மருந்தடித்து அந்தச் செடியை மீட்க முடியாது.

நோயைவிடப் பெரிய கரைச்சல் நாற்கால், இருகால் விருந்தாளிகள். அறுவடை முடிந்த வயலில் திரியும் கட்டாக்காலி மாடுகளுக்கு வேலி அடைக்க வேண்டும். கிளுவைக் கதியால் இப்போதே நட்டால் அடுத்த வருடத்துக்கு உதவும். இந்த வருடத்துக்குப் பனைமட்டைதான். மயிலுக்கு மீன்வலை. முல்லைத்தீவுக் கரையில் கழித்துப்போட்ட வலை கிடைக்கும். குரங்குக்கு எனக்கும் வழி தெரியாது.

காலை வெயில் ஏறுமுன் கறுத்த காய்களைப் பறியுங்கள். மத்தியானம் கை வைத்தால் காய் வெடித்துப் பாதி மண்ணில் சிந்தும்.

இடையில் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும். நந்திக்கடலோரத்துக் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் அந்தத் திங்கட்கிழமைக்கு இந்தப் பயறு முற்றியிராது. போன வருடத்து மிச்சம் இருந்தால் புக்கைக்கு ஆகும். மே 18ஆம் திகதி, இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாக, வாசல்களில் உப்பிட்ட கஞ்சி காய்ச்சுகிறோம். அதற்கு அரிசியும் தண்ணீரும் போதும். 2009இல் அதுவும் கிடைக்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இனி ஆடிப்பிறப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர் போனாலும், கூழ் வன்னியிலும் காய்ச்சுவதுதான்.

ஆறு பேருக்கு: ஒரு சுண்டு பச்சரிசிமா, அரைச் சுண்டு பயறு, ஒரு தேங்காய், கால் கிலோ பனங்கட்டி. பயற்றை மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுங்கள். கருகினால் கூழ் கசக்கும். திருகையில் உடைத்துச் சுளகில் புடைத்தால் கோது பறந்துவிடும். தேங்காயில் கால்வாசியைச் சிறு சொட்டுகளாக வெட்டி, மீதியைப் பிழிந்து முதற்பாலைத் தனியே வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலுடன் தண்ணீர் சேர்த்து எட்டுச் சுண்டாக்கி, அதில் பயற்றையும் சொட்டையும் அவியவிடுங்கள். மாவில் பாதியைச் சுடுநீர் விட்டுக் குழைத்துச் சுண்டைக்காயளவு உருட்டிப் போடுங்கள். உருண்டை மிதந்ததும் மீதி மாவைக் கரைத்து ஊற்றி, கைவிடாமல் துழாவுங்கள். பனங்கட்டியைத் தனியே கரைத்து வடித்தே சேர்க்க வேண்டும், மண் இருக்கும். இறக்கும்போது முதற்பால், பொடித்த மிளகு, சீரகம், ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. மிளகைக் குறைக்காதீர்கள், காரம் இல்லாவிட்டால் அது கூழல்ல, பாயசம். பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் குடிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மிஞ்சிய பயறு கொழுக்கட்டைக்கு.

கூழுக்கு அள்ளுமுன் ஒரு வேலை: முதற் பறிப்பில் கிடைத்த திரண்ட மணிகளில் இரண்டு பிடியை நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு போத்தலில் அடைத்துத் திகதி எழுதி வையுங்கள். ஒரு பிடி உங்களுக்கு, மற்றது பக்கத்து வளவுக்கு. அடுத்த கிழமை முருங்கை.