தினமும் வரும் டிஸ்க் பிழைச் செய்தி: முதலில் செய்ய வேண்டியது என்ன?

கணினியை இயக்கியதும் கருப்புத் திரையில் டிஸ்க் பற்றி ஏதோ ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு விசையை அழுத்தினால் மறைந்துவிடுகிறது. கணினியும் வழக்கம்போல் வேலை செய்கிறது. மறுநாள் அதே செய்தி மீண்டும் வருகிறது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால், மதிப்பெண் பட்டியல்கள், வினாத்தாள்கள், மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் எல்லாம் அந்த டிஸ்கில்தான் இருக்கின்றன.

எனவே, கணினி திறக்கும் நிலையில் இருக்கும்போதே தேவையான கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். பழுதுபார்ப்பது அதற்குப் பிறகுதான். அடுத்து, அந்தச் செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்து நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது கீழுள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. 'செக்கிங் ஃபைல் சிஸ்டம்': எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கில் குழப்பம். நூலகத்தில் புத்தகம் இருந்தும் பதிவேட்டில் அலமாரி எண் தவறாக இருப்பதைப் போன்றது. கணினி இயங்கும்போது மின்சாரம் நின்றால் இது நேரலாம். சோதனையைத் தவிர்க்காமல் ஒருமுறை முழுமையாக முடிய விடுங்கள். முடிந்த பிறகும் தினமும் வந்தால் டிஸ்கே பழுதடைந்து வரலாம்.

2. 'ஸ்மார்ட்' என்ற சொல்லுடன் 'ஃபெயிலியர்' அல்லது 'பேட்': டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துத் தரும் எச்சரிக்கை இது. ஃபார்மட் செய்தாலும் தீராது. டிஸ்கை மாற்றத்தான் வேண்டும். நகலெடுக்கும் முன் முழு டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். தேய்ந்த டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுவிடக்கூடும்.

3. 'நோ பூட்டபிள் டிவைஸ்': கணினிக்கு டிஸ்க் தென்படவில்லை. செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். பலன் இல்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிஸ்க் கேபிள்கள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். தேதியும் நேரமும் அடிக்கடி பழையதாக மாறினால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதனால் கணினியின் தொடக்க அமைப்புகளும் அழிந்துபோகலாம். கணினி திறந்ததும் முதல் வேலை நகலெடுப்பதே.

உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள கணினியை நாமே கழற்ற வேண்டாம். எடுத்த படத்துடன் தலைமை ஆசிரியர் வழியாகப் புகார் அளியுங்கள். பழுது என்னவென்று விளக்க அந்தப் படமே உதவும்.

யு.பி.எஸ். பேட்டரி சில நிமிடங்களாவது தாங்குகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். சுவிட்சை அணைக்கும் முன் முறையாக ஷட் டவுன் செய்ய மாணவர்களைப் பழக்குங்கள். முக்கியக் கோப்பு எதுவானாலும் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.