மேசையருகே ஆக்கிப் பரிமாறல்: ஒரு சொல்லும் அதன் பின்னுள்ள தொழிலும்

உணவக மேலாண்மை பயில்வோருக்கான பாடநூற் பகுதியொன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் பணி அண்மையில் எம்மிடம் வந்தது. அதில் 'கெரிதோன்' எனும் பிரெஞ்சுச் சொல் வருமிடமெல்லாம் 'பக்க மேசைச் சேவை' என எழுதப்பட்டிருந்தது. உண்பவரின் பக்கத்தில் ஒரு சிறு மேசை இடம்பெறுவது உண்மையே. எனினும், அம்மேசையின்மீது என்ன நிகழ்கிறது என்பதை அத்தொடர் சற்றும் உணர்த்தவில்லை. அங்கு நிகழ்வதை முதலில் விளக்கிக்கொண்டாலன்றித் தக்க சொல்லை நாம் தேர இயலாது.

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கெரிதோன் என்பது மெழுகுத்திரித் தண்டு வைப்பதற்கான சிறு தாங்கியைக் குறித்தது. தட்டேந்தி நிற்கும் ஆப்பிரிக்கப் பணியாளின் உருவமாகவே அது பெரும்பாலும் செதுக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வுருவம் மறைந்து, சிறு மேசைக்கும் பின்னர் உணவகத்தின் தள்ளுமேசைக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. ஏவலாளின் சிலைக்குரிய பெயரே, பரிமாறுவோரின் மிக உயர்ந்த திறன் வெளிப்படும் இடத்திற்கும் பெயராக அமைந்தமை சொல்லாய்வாளர் கருதத்தக்கதாகும்.

முன்னைய பிரெஞ்சு விருந்துகளில் பல உணவுகள் ஒருங்கே மேசையில் அடுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் 'உருசிய முறை' பரவியபோது, உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. இறைச்சியை அரிந்து பங்கிடுவதும் பணியாளரின் கடமையாயிற்று. பாரிசிலுள்ள தூர் தார்ழான் உணவகத்தின் பிழிந்த வாத்து இதற்குச் சிறந்த சான்றாகும். அரைவேக்காட்டில் வாட்டிய வாத்து உண்போர்முன் கொண்டுவரப்பட்டு அரியப்படும். எஞ்சிய எலும்புக்கூடு வெள்ளிப் பிழிபொறியில் இடப்பட்டு, இரத்தமும் மச்சைச் சாறும் பிழியப்படும். அச்சாறு ஈரலோடும் கொன்யாக் மதுவோடும் சிறு அடுப்பில் கொதியாமல் காய்ச்சப்படும். வெப்பம் மிகுந்தால் இரத்தம் திரிந்துவிடும். குறைந்தால் குழம்பு இறுகாது. அந்தப் பதத்தை அறிபவர் அடுக்களையில் இல்லை. உண்பவரின் அருகில் நிற்கிறார். பிரெடரிக் தெலேர் 1890இல் ஒவ்வொரு வாத்துக்கும் எண்ணிட்டு வழங்கும் வழக்கத்தைத் தொடங்கினார்.

மது ஊற்றிக் கொளுத்துவது இம்முறையின் மிகவும் அறியப்பட்ட கூறு. உண்மையில் எரிவது மேலெழும் ஆவியேயன்றிச் சட்டியிலுள்ள திரவம் முழுவதும் அன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கொளுத்திய பின்னரும் சாராயத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு எஞ்சுகிறது. 'மது எரிந்துபோய்விட்டது' என இசுலாமிய விருந்தினரிடம் கூறுவது தவறான தகவல் என்பதை எம் நாட்டுப் பயிற்சி நூல்கள் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நாம் சரிபார்த்த பகுதி அதனைக் குறிப்பிடவில்லை.

1970களில் பிரான்சில் எழுந்த புதிய சமையல் இயக்கம், தட்டினை அலங்கரிக்கும் பொறுப்பைச் சமையற்காரரிடமே ஒப்படைத்தது. தள்ளுமேசைக்கு வேண்டிய இடமும் ஆட்செலவும் நேரமும் ஏனைய காரணங்களாயின. இதன் விளைவாக, பரிமாறுபவர் தட்டைச் சுமந்து வருபவர் ஆனார். அரிதல், கலத்தல், பதமறிதல் ஆகிய அறிவு உணவுக்கூடத்திலிருந்து பெரிதும் நீங்கிற்று. இதனையே நாம் பெரிய இழப்பாகக் கருதுகிறோம்.

எனினும், மேசையருகே உணவை நிறைவுசெய்யும் வழக்கம் பிரான்சுக்கு மட்டுமே உரியதன்று. சீனப் புத்தாண்டில் நம் உணவகங்களில் இடம்பெறும் 'யூ ஷெங்' இதற்குச் சான்று. இன்று வழக்கிலுள்ள பலவண்ண வடிவத்தை 1964இல் சிங்கப்பூரின் நான்கு சமையற்கலைஞர்கள் உருவாக்கினர் என்பர்; சிரம்பான் நகருக்கும் அவ்வுரிமை கோரப்படுகிறது. பரிமாறுபவர் மீன் துண்டுகள், சீவிய முள்ளங்கி, பம்ளிமாசுச் சுளை, எண்ணெய், வேர்க்கடலைத் தூள் எனப் பலவற்றை ஒவ்வொன்றாக இட்டு, அவ்வவற்றிற்குரிய மங்கலத் தொடரையும் சொல்வார். சீனத்தில் மீனுக்கும் மிகுதிக்கும் ஒலி ஒன்றே. ஆதலின் மீன் இடும்போது 'ஆண்டுதோறும் மிகுதி பெறுக' எனும் வாழ்த்து ஒலிக்கும். இறுதியில் அனைவரும் எழுந்து குச்சிகளால் கிளறி உயர்த்துவர். இங்குக் கைத்திறனோடு சொல்திறனும் பரிமாறுபவருக்கு வேண்டப்படுகிறது.

வாழையிலைச் சோற்றுக் கடைகளில் நாம் காண்பது இதற்கு நெருங்கியதே, எனினும் ஒன்றன்று. அங்குச் சமையல் உள்ளேயே முடிந்துவிடுகிறது. உண்பவர் 'போதும்' எனக் கைகாட்டும் வரை சோறும் கறியும் இலைக்கு வருகின்றன. அதற்குப் 'பரிமாறுதல்' எனும் சொல்லே முற்றும் பொருந்தும். பிழிந்த வாத்துக்கு அது மட்டும் போதாது. உணவு அங்குதான் ஆகிறது. 'சோறு ஆக்குதல்' என்னும் வழக்கு நம்மிடம் உயிரோடிருப்பதால், 'மேசையருகே ஆக்கிப் பரிமாறல்' என எழுதலாம் என நாம் பரிந்துரைத்தோம். அடுப்பின்றி இறைச்சியை வெட்டி மட்டும் வழங்குமிடத்தில் 'அரிந்து பரிமாறல்' எனவும், தள்ளுமேசையைக் 'கெரிதோன்' எனவே விடலாம் எனவும் குறித்தனுப்பினோம். நூலாசிரியர் முதலிரண்டையும் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதற்கு மட்டும் 'உருளைமேசை' வேண்டும் என்கிறார்.