மொட்டில் ஊதா, மலரில் நீலம்

மாலையில் செவ்வூதாவாக இருந்த காக்கட்டான் மொட்டு விடியலில் நீலப் பூவாக விரிவது எப்படி என்ற கேள்வி எளியதாகத் தோன்றினாலும், காமயகவுண்டன்பட்டியின் வாய்க்கால் கரையிலிருந்து சுருளி மலையடிவாரம் வரை தாளிக்கொடிக் குடும்பத்தின் வகைகளைக் கணக்கெடுக்க முனைவோர் முதலில் விடை காண வேண்டியது இதற்கே. தாளி, புலிச்சுவடி, விஷ்ணுகிரந்தி, சர்க்கரைவள்ளி, இலையே இல்லாத அம்மையார் கூந்தல் ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதழின் நிறமியான அந்தோசயனின், செல்லுக்குள் உள்ள சாற்றுப்பையில் கரைந்திருக்கிறது. காக்கட்டானின் மெக்சிகோ உறவான ஐபோமியா டிரைகலரில், அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். எண் மொட்டில் 6.6 ஆகவும் மலரில் 7.7 ஆகவும் இருப்பதை, ஜப்பானியரான குமி யோஷிதாவின் குழு நுண்மின்முனையைச் செல்லில் செருகி அளந்து 1995இல் வெளியிட்டது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதைப் போல, நிறமி அதுவாகவே இருக்கக் காரம் கூடுவதால் நிறம் மாறுகிறது. இங்கே இதழின் மேல்தோல் செல் ஒவ்வொன்றும் ஒரு தட்டு, சுண்ணாம்பு இடும் கையோ சாற்றுப்பையின் சவ்விலேயே பதிந்துள்ள ஒரு புரதம், அது பொட்டாசிய அயனிகளை உள்ளே விட்டு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றி, விடிவதற்குள் எல்லாத் தட்டுகளையும் கலக்கி முடிக்கிறது. உள்ளே சேரும் பொட்டாசியம் நீரையும் இழுத்துச் செல்லை விரியச் செய்வதால், பூ மலர்வதும் நீலமாவதும் ஒருசேர நிகழ்கின்றன என்பதே இதன் பேரழகு. இப்புரதத்திற்குரிய மரபணு பழுதான காக்கட்டானில், சுண்ணாம்பு போதாத ஆரத்தியாகப் பூ ஊதாவிலேயே நின்றுவிடுகிறது என்பது 2000இல் தெளிவானது.

ஒரே மரபணுவின் பழுது நிறத்தை மாற்றிவிடும் என்பதால், நிறத்தை நம்பி இனங்களை எண்ணுவது பிழையாகும். நிறத்தைவிட மகரந்தமே நம்பகமான அடையாளம்: இக்குடும்பத்தின் பேரினங்களுள் ஐபோமியாவின் மகரந்தத் துகள் முட்கள் கொண்டது, மெரெமியாவினது வழவழப்பானது. தாவரவியலாளர் ஹான்ஸ் ஹல்லியர் 1893இலேயே இக்குடும்பத்தை மகரந்தத்தைக் கொண்டு பகுத்தார்.

மேகாலயாவில் கிடைத்த, 5.5 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட புதைபடிவங்கள் ஐபோமியாவினுடையவை என 2018இல் அறிவிக்கப்பட்டதும், இக்குடும்பத்தின் பூர்வீகம் இந்தியாவே என்ற முழக்கம் எழுந்தது. ஆனால் அவை இலைகள் மட்டுமே, பூவோ மகரந்தமோ இல்லாத நிலையில் அம்முழக்கம் சான்றை மிஞ்சியது. கணக்கெடுப்பில் இனப் பட்டியலின் நீளத்தையே வளமாகக் கொள்வதும் அத்தகையதே, ஏனெனில் நீர்நிலைகளை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும், தோட்டங்களில் படரும் மயில்மாணிக்கமும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆகவே வந்தேறிகளைத் தனியே எண்ணி, உச்சிவேளைக்குள் பூ சுருண்டுவிடும் முன் மொட்டு, மலர் இரண்டின் நிறத்தையும் நேரத்துடன் குறித்து, மகரந்தத்தையும் சேகரிக்கும் கணக்கெடுப்பே நம்பத்தக்கது.