மண்பானை கசியுது, பீங்கான் கப் ஏன் கசியலை?

ஆபீஸில் காபி குடிக்கிற வெள்ளை மக் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் 'வெள்ளைத் தங்கம்'. நல்ல பீங்கான் வேண்டும் என்றால் சீனாவிலிருந்து கப்பல் வரணும். "தங்கம் செய்வேன்" என்று வாய்விட்ட போட்கர் என்ற இளைஞரைப் பிடித்து அடைத்துவைத்தார் சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ். தங்கம் வரவே இல்லை. விஞ்ஞானி சிர்ன்ஹவுஸின் வழிகாட்டுதலில் 1708-ல் பீங்கான் வந்தது. 1710-ல் மைசன் ஆலை. போட்கருக்கு விடுதலை 1714-ல்தான். 37 வயதில் இறந்துபோனார்.

அவர் தேடியது கயோலினைட் என்ற களிமண் கனிமம். சீனாவின் கவோலிங் மலைதான் பெயருக்குக் காரணம். இரும்பு குறைவு என்பதால் சுட்டாலும் சிவக்காது.

இதன் எடையில் சுமார் 14 சதவீதம் தண்ணீர்! தொட்டால் ஈரம் இருக்காது. ஹைட்ராக்சில் வடிவில் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். வெயிலில் காய்ந்த களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் மறுபடி குழையும். ஆனால் சூளையில் 500-600 டிகிரி செல்சியஸ் தாண்டினால் உள்ளே இருக்கும் அந்தத் தண்ணீரும் ஓடிவிடும், படிகமே குலையும். அப்புறம் ஊறவைத்தாலும் களிமண் ஆகாது. கீழடி பானை ஓடுகள் இத்தனை நூற்றாண்டு கரையாமல் கிடப்பதும் களிமண்ணின் இந்தக் குணத்தால்தான்.

சரி, கசிவு? மண்பானையில் நுண்துளைகள் அப்படியே இருக்கும். நீர் கசிந்து ஆவியாவதால்தான் ஜில்லென்று இருக்கு. பீங்கானில் கயோலினோடு ஃபெல்ஸ்பார் கலப்பார்கள். 1,300 டிகிரி வாக்கில் அது உருகி, கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடும்.