ஒட்டிய இடமே மறுபடி ஏன் உடைகிறது?

ஸ்டோரில் வேலை செய்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். டிரையரின் சில்வர் தகட்டோடு ஓர் இரும்புத் தாங்கியை வெல்டிங் பண்ணியிருப்பார்கள். சில மாதத்தில் ஒட்டின் ஓரம் வெடிக்கும். மறுபடி ஒட்டுவார்கள், மறுபடி வெடிக்கும். கடைசியில் "யாரோ இடிச்சிட்டாங்க" என்று பழி அங்கே நிற்கும் தொழிலாளியின் தலையில் விழும். யாரும் இடிக்காமலே அது உடையும் என்பதைத்தான் இங்கு சொல்ல வருகிறோம்.

ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடிந்துவிடும். உலோகக் களைப்பு என்பது இதுதான். நிமிடத்துக்கு 45 தடவை சுற்றும் ரோலர், பத்து மணித்தியாலத்தில் 27,000 தடவை சுற்றுகிறது. அத்தனை தடவையும் அதிலுள்ள ஒட்டுகள் அசைகின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

இரண்டு வகை உலோகம் சேர்ந்தால் தொல்லை இன்னும் அதிகம். சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத உருக்கு, சூடானால் இரும்பைவிடக் கூடுதலாக நீளும். ஒரு மீற்றர் துண்டு 80 பாகை சூடேறினால், வழக்கமான சில்வர் ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் நீளும். இரும்பு 1 மில்லிமீற்றர்தான். டிரையர் சூடேறும்போதும் ஆறும்போதும் ஒன்றையொன்று இழுக்க, நடுவில் இருக்கும் ஒட்டுத்தான் அவதிப்படுகிறது. போதாததற்கு விசிறியின் அதிர்வு வேறு.

இரும்புக்குப் போடும் சாதாரண ரொட்டால் இரண்டையும் ஒட்டினால், உருகிக் கலக்கும் உலோகம் இறுகி, நொறுங்கும் தன்மை அடைகிறது. இதற்கென்றே 309 என்ற இலக்கமுள்ள ரொட் இருக்கிறது. விலை கூட. ஆனால் மூன்று தடவை ஒட்டுகிற செலவைப் பார்த்தால் அது கூடவே அல்ல. சூட்டில் நீளும் இடத்தில் ஒட்டாமல், நீளத் துளை போட்டு போல்ட் பூட்டுவது அதைவிட நல்லது.

சின்னத் தாங்கிதானே என்று விட்டுவிட முடியாது. 1980 மார்ச் 27இல் வட கடலில் அலெக்சாந்தர் கீலண்ட் என்ற நோர்வே மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அங்கே இரண்டு வகை உலோகம் காரணமல்ல, காரணம் களைப்புத்தான். ஒரு சிறு கருவியைத் தாங்க வைத்த ஒட்டில் தொடங்கிய கீறல், பெரிய குழாயையே முறித்துவிட்டது. கீறலுக்குள் பெயின்ட் இருந்ததாம். அப்படியென்றால் மேடையைக் கட்டும்போதே கீறல் இருந்திருக்கிறது!

கீறலைக் காண ஒரு பழைய வழி உண்டு. மெஷினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு, கொழுந்து படாத வெளிப்புற ஒட்டில் மண்ணெண்ணெய் தடவுங்கள். சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசுங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளையில் கோடு தெரியும். டீமேக்கர் ஐயாவிடம் காட்டி, திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுபடி ஒட்டுவதானால் கீறல் முழுவதையும் கிரைண்ட் பண்ணி எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். மேலே மட்டும் பூசினால் பழைய கீறல் உள்ளேயே இருக்கும்.